சீட்டுல ‘பாசிட்டிவ்’னு இருக்கா? காய்ச்சலுக்கு இன்னைக்கு எத்தனாவது நாள்னு முதல்ல சொல்லுங்க

1/
ஐப்பசி மழை வந்தாச்சு. கோவை, திருப்பூர், ஈரோடுன்னு எந்த ஊரு லேப் வாசல்லயும் காய்ச்சல் கூட்டம். இந்த சீசன்ல எனக்கு அதிகமா வர்ற வாட்ஸப் செய்தி இதுதான்: "டாக்டர், டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்க. அட்மிட் பண்ணோணுங்களா?" கூடவே சீட்டோட போட்டோ. காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு ஒரு வார்த்தை இருக்காது.

2/
இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஆனா வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும்போது உதவும். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காய்ச்சல் எத்தனாவது நாள்னு தெரியாம ஆன்டிபாடி சீட்டைப் படிச்சு வைத்தியம் பார்க்கக் கூடாது. தனியா ஐஜிஜி பாசிட்டிவ்ங்கிறதை வச்சு ஒருத்தரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவே கூடாது. ஏன்னு படிப்படியா பார்ப்போம்.

3/
முதல்ல அடிப்படை. ஒரு வைரஸ் உடம்புக்குள்ள வந்தா அதைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி.
ஒண்ணு, வைரஸையோ அதோட பாகத்தையோ நேரடியா தேடுறது. ஆர்டி-பிசிஆர், டெங்குவுக்கான என்எஸ்1 எல்லாம் இந்த வகை.
ரெண்டாவது, வைரஸை எதிர்த்து நம்ம உடம்பு தயாரிக்கிற புரதத்தைத் தேடுறது. அதுதான் ஆன்டிபாடி டெஸ்ட். ஐஜிஎம், ஐஜிஜின்னு சீட்டுல இருக்கிறது இதைத்தான்.

4/
நம்ம ஊரு பாணியில் சொல்றேன். தடாகம் பக்கம் ஒரு தோட்டத்துக்குள்ள யானை வந்துடுச்சுன்னு வைங்க. யானையைக் கண்ணால பார்க்கிறது என்எஸ்1. தகவல் கிடைச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு டார்ச்சும் பட்டாசுமா வனத்துறை ஆளுங்க வந்து நிக்கிறது ஐஜிஎம். அதுக்கப்பறம் தோட்டத்தைச் சுத்தி வெட்டி வச்ச அகழி ஐஜிஜி. அகழியைப் பார்த்தா "இங்க ஒரு காலத்துல யானை வந்திருக்கு"ன்னு சொல்லலாம். "இன்னைக்கு ராத்திரி உள்ள யானை நிக்குது"ன்னு சொல்ல முடியாது.

5/
இப்போ நாள் கணக்கு. காய்ச்சல் தொடங்கின நாள் முதல் நாள்.
1 முதல் 5 நாள் வரை: என்எஸ்1 பார்க்கலாம். ஐஜிஎம் பெரும்பாலும் இருக்காது.
5-ம் நாளுக்கு மேல்: என்எஸ்1 மறையத் தொடங்கும். ஐஜிஎம் ஏறும்.
உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டி சொல்ற கணக்கு: முதல் முறை டெங்கு வர்றவங்கள்ல 3 முதல் 5 நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் ஐஜிஎம் தெரியும். 5-ம் நாளுக்குள் 80 சதவீதம். 10-ம் நாளுக்குள் 99 சதவீதம்.

6/
அப்போ ரெண்டாம் நாள் ஐஜிஎம் எடுத்து "நெகட்டிவ்"னு வந்தா என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லைங்க. வனத்துறை ஆளு இன்னும் கிளம்பவே இல்லை, அவ்வளவுதான். ஆனா வீட்டுல என்ன நடக்குது? "டெங்கு இல்லைன்னு சீட்டு வந்துருச்சு"ன்னு நிம்மதியாகி, அதுக்கப்பறம் யாரும் கவனிக்கிறதில்லை.

7/
இங்கதான் உயிர் போகுது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்துல இருக்கிறப்போ வர்றதில்லை. காய்ச்சல் இறங்குற நேரத்துல வருது, பெரும்பாலும் 3-ம் நாள் முதல் 7-ம் நாளுக்குள். ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வெளியே போகும். ரத்தம் கெட்டியாகும். பிரஷர் இறங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் முக்கியம். ரெண்டாம் நாள் நெகட்டிவ் சீட்டை நம்பி, நாலாம் நாள் "காய்ச்சல் விட்டுருச்சுங்க, அசதியாத்தான் இருக்குது"ன்னு படுக்க வைக்கிற வீடுகளை நினைச்சாதான் எனக்குப் பயம்.

8/
அதனால இதை மனசுல வைங்க. காய்ச்சல் விட்ட பிறகு கீழ்க்கண்டது எது இருந்தாலும், சீட்டுல என்ன எழுதியிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி:
கடுமையான வயித்து வலி
நிக்காத வாந்தி
பல் ஈறு, மூக்குல ரத்தம், கருப்பா மலம்
கை கால் சில்லுன்னு ஆகுறது, தலை கிறுகிறுப்பு
ஒண்ணுக்கு போறது குறையறது
குழந்தை சோர்ந்து கிடக்கிறது, இல்லைன்னா காரணமில்லாம அனத்துறது, நச்சரிக்கிறது
டெங்கு சீட்டு நெகட்டிவ்ங்கிறது இதுல எதுக்கும் சமாதானம் ஆகாது.

9/
இப்போ எதிர்ப்பக்கம், ‘பாசிட்டிவ்’ தர்ற சிக்கல். ஐஜிஎம் வந்தா ரெண்டு மூணு மாசம் ரத்தத்துல இருக்கும். ஆவணியில் டெங்கு வந்து தானே சரியாப் போனவருக்கு, ஐப்பசியில் வேற காய்ச்சல் வந்தாலும் ஐஜிஎம் பாசிட்டிவ் காட்டலாம். கூடவே, டெங்குவில் கணிசமான பேருக்கு அறிகுறியே தெரியாம வந்து போகும். "எனக்கு டெங்கு வந்ததே இல்லீங்க"ன்னு அவர் சொல்றது பொய்யில்லை. அவருக்கே தெரியாது.

10/
ஐஜிஜி அதைவிடப் பெரிய குழப்பம். வந்தா பல வருஷம், பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். 2017-18-ல் ஐசிஎம்ஆர் நாடு முழுக்க ஒரு ஆய்வு செஞ்சது. 5 முதல் 45 வயசு வரை உள்ளவங்க ரத்தத்தை எடுத்து, இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கான்னு பார்த்தாங்க. இந்தியா முழுக்க 48.7 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. தென்னிந்தியாவில் 76.9 சதவீதம்.

11/
அந்த எண்ணை இன்னொரு தடவை படிங்க. தென்னிந்தியாவில் நாலு பேர்ல மூணு பேருக்கு டெங்கு ஐஜிஜி ஏற்கெனவே இருக்கு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நல்லா ஆரோக்கியமா நடந்து போற நூறு பேரை நிறுத்தி ரத்தம் எடுத்தாலும் பெரும்பாலானவங்களுக்குப் பாசிட்டிவ் வரலாம். அவங்க யாருக்கும் காய்ச்சல் கூட இல்லை. இந்த நிலைமையில், காய்ச்சல் பேக்கேஜ்ல ஐஜிஜியைச் சேர்த்து, சிவப்பு எழுத்துல ‘பாசிட்டிவ்’னு அடிச்சுக் கொடுத்தா யாருக்கு என்ன பிரயோஜனம்?

12/
நியாயமா ஒண்ணு சொல்லணும். ஐஜிஜி முழுக்க வீண் இல்லை. ரெண்டாவது முறை வேற வகை டெங்கு வரும்போது, பழைய நினைவுல உடம்பு ஐஜிஜியை ஆரம்ப நாட்களிலேயே மளமளன்னு ஏத்தும். ஐஜிஎம் அப்போ குறைவா இருக்கலாம், இல்லாமலே கூட போகலாம். சில கார்டு டெஸ்டுகள் அப்படி அதிக அளவுல இருக்கிற ஐஜிஜியை மட்டும் காட்டுற மாதிரி செய்யப்பட்டவை. டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கிறதாலயும், ரெண்டாவது முறை தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்ங்கிறதாலயும் டாக்டருக்கு இந்தத் தகவல் உதவும். ஆனா நோயாளியைப் பார்த்து, நாளைக் கணக்குப் போட்டு, மத்த ரத்தப் பரிசோதனையோட சேர்த்துப் படிச்சாத்தான் உதவும்.

13/
அடுத்தது, ஆள் மாறாட்டம். டெங்கு ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, வெஸ்ட் நைல் எல்லாம் அதே குடும்பம். முகச்சாயல் ஒரே மாதிரி இருக்கிறதால ஒருத்தருக்காக உருவான ஆன்டிபாடி இன்னொருத்தர் டெஸ்டுல போய் ஒட்டிக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டவங்களுக்கும் இந்தக் குழப்பம் வரலாம். முடக்குவாதக் காரணி ரத்தத்துல இருக்கிறவங்களுக்கும் ஐஜிஎம் பொய்யா பாசிட்டிவ் காட்டுறது உண்டு.

14/
இன்னொரு விஷயம், கணக்கு. பயப்படாதீங்க, ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். புரியறதுக்காக ஒரு கற்பனை டெஸ்ட்: நோய் இருக்கிற 100 பேர்ல 90 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேர்ல 5 பேருக்குத் தப்பா பாசிட்டிவ் சொல்லும். கேட்க நல்ல டெஸ்ட் தானே?

15/
மழை சீசன்: காய்ச்சல்னு வர்ற 1000 பேர்ல 300 பேருக்கு டெங்குன்னு வைங்க. 270 பேரைச் சரியாப் பிடிக்கும். மீதி 700-ல் 35 பேருக்குத் தப்பா சொல்லும். மொத்தம் 305 பாசிட்டிவ், அதுல 270 உண்மை. பரவாயில்லை.
பங்குனி வெயில்: 1000 பேர்ல 10 பேருக்குத்தான் டெங்குன்னு வைங்க. 9 பேரைப் பிடிக்கும். மீதி 990-ல் சுமார் 50 பேருக்குத் தப்பா சொல்லும். மொத்தம் 59 பாசிட்டிவ், அதுல உண்மை 9 தான்.

16/
ஒரே டெஸ்ட், ஒரே லேப், ஒரே மெஷின். ஊருல நோய் எவ்வளவு இருக்குங்கிறதைப் பொறுத்து அதே ‘பாசிட்டிவ்’ங்கிற வார்த்தையோட மதிப்பு தலைகீழா மாறுது. அதனாலதான் எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் எடுக்கக் கூடாதுன்னு நாங்க சொல்றோம். கஞ்சத்தனம் இல்லைங்க. தேவையில்லாம எடுத்தா பொய் பதில்தான் அதிகமா வரும்.

17/
"தப்பா டெங்குன்னு சொன்னா என்ன கெட்டுப் போச்சு? ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்திட்டு வந்துடலாம்"னு நினைப்பீங்க. திருப்பூர்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஒருத்தருக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரின்னா ஒரு வாரக் கூலி இல்லை. பில் தனி. அதைவிட மோசமானது, உண்மையான வியாதி மறைஞ்சு போறது.

18/
உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். இது வைரஸ் இல்லை, பாக்டீரியா. தோட்டம், புதர், காட்டோரம் வேலை செய்யறவங்களுக்கு ஒட்டுண்ணிக் குஞ்சு கடிச்சு வரும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, தட்டணுக்கள் குறையறதுன்னு அப்படியே டெங்கு மாதிரி இருக்கும். டாக்ஸிசைக்ளின்னு விலை குறைஞ்ச மாத்திரை இருக்கு. நேரத்துக்குக் கொடுத்தா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கும். கொடுக்காம விட்டா நுரையீரல், கிட்னி, மூளைன்னு தாக்கி உயிரே போகலாம்.

19/
பழைய டெங்கு ஐஜிஎம் லேசா பாசிட்டிவ் காட்டுற ஒரு விவசாயியை யோசிங்க. "டெங்குதான், மருந்து கிடையாது, தண்ணி நிறைய குடிங்க"ன்னு அனுப்பிட்டா? அக்குள்லயோ இடுப்பு மடிப்புலயோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருந்திருக்கும். வலிக்காது, அதனால அவரும் சொல்லியிருக்க மாட்டார். சட்டையைக் கழட்டிப் பார்க்காத டாக்டருக்கு அது தெரியாது. சீட்டு பாசிட்டிவ்னு வந்ததும் தேடுறதை நிறுத்திடறோம். அதுதான் ஆன்டிபாடி சீட்டோட பெரிய ஆபத்துன்னு நான் நினைக்கிறேன்.

20/
டைஃபாய்டுக்கு எடுக்கிற வைடால் டெஸ்டும் இதே கதைதான். அதுவும் ஆன்டிபாடி. பழைய தொற்று, தடுப்பூசி எதுவா இருந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். ஒரே ஒரு வைடால் வச்சு டைஃபாய்டுன்னு உறுதி செய்ய முடியாது. ரத்தக் கல்ச்சர்தான் சரியான வழி. "டெங்குவும் டைஃபாய்டும் சேர்ந்து வந்திருக்குதாமுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, ரெண்டு ஆன்டிபாடி சீட்டும் பழைய கணக்கைச் சொல்லுதான்னு முதல்ல சந்தேகப்படுங்க.

21/
2020 ஞாபகம் இருக்குங்களா? கொரோனா ஆரம்பத்துல ‘ரேபிட் கிட்’னு பெரிய எதிர்பார்ப்பு. விரல்ல ஒரு சொட்டு ரத்தம், சில நிமிஷத்துல முடிவு. அதெல்லாம் ஆன்டிபாடி கார்டுதான். ஏப்ரல் மாசம் தமிழ்நாட்டுக்குச் சீனாவிலிருந்து கிட்டுகள் வந்தது. ராஜஸ்தான் மாதிரி மாநிலங்கள் முடிவு சரியில்லைன்னு சொன்னதும், ஏப்ரல் 21-ல் ஐசிஎம்ஆர் ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னது. ஏப்ரல் 27-ல் ரெண்டு சீனக் கம்பெனிகளோட கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. தமிழ்நாடு திருப்பிக் கொடுத்தது 24,000 கிட்.

22/
கிட் மட்டமா இருந்ததுங்கிறது ஒரு பக்கம். ஆனா அது அருமையான கிட்டா இருந்திருந்தாலும், காய்ச்சல் வந்த மூணாம் நாள் எடுத்தா பாதிக்கு மேல நெகட்டிவ்தான் வந்திருக்கும். ஏன்னா ஆன்டிபாடி உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும். இன்னைக்கு ஒருத்தர் மத்தவங்களுக்குப் பரப்புறாரான்னு கண்டுபிடிக்க ஆன்டிபாடி தப்பான கருவி. அதுக்கு ஆர்டி-பிசிஆர்தான் சரி.

23/
அதே ஆன்டிபாடி சரியான கேள்விக்கு அருமையா பதில் சொல்லும். 2020 மே-ஜூன்ல ஐசிஎம்ஆர் நடத்தின முதல் தேசிய ஆய்வுல தமிழ்நாட்டுல மூணு மாவட்டம்: சென்னை, திருவண்ணாமலை, நம்ம கோயம்புத்தூர். கேள்வி "இவருக்குக் கொரோனாவா?"ங்கிறது இல்லை. "ஊருல இதுவரை எத்தனை பேருக்கு வந்து போயிருக்கு?"ங்கிறது. நாடு முழுக்க 28,000 பேர் ரத்தத்தைப் பார்த்து, 0.73 சதவீதம்னு கணக்குப் போட்டாங்க. நோய் பெரும்பாலானவங்களை இன்னும் தொடவே இல்லைன்னு நமக்குச் சொன்னது அந்த எண்தான்.

24/
2021 ஜூலையில் தமிழ்நாடு அரசு எடுத்த ஆய்வுல மாநில சராசரி 66.2 சதவீதம். விருதுநகர் 84. எல்லாத்துக்கும் கீழே நம்ம பக்கத்து ஈரோடு, 37. எந்த மாவட்டத்துல தடுப்பூசியை வேகப்படுத்தணும்னு இந்த எண் நேரடியா சொல்லுது. ஆனா அந்த 66-ல் எவ்வளவு தொற்றால வந்தது, எவ்வளவு தடுப்பூசியால வந்ததுன்னு அந்த டெஸ்ட் பிரிச்சுச் சொல்லாது. ஊருக்குச் சரியா பதில் சொல்ற டெஸ்ட், தனி மனுஷனுக்கும் அப்படியே சொல்லணும்னு இல்லை.

25/
ஆன்டிபாடி டெஸ்டை எப்படி மரியாதையா நடத்தணும்ங்கிறதுக்கு நம்ம மாநிலத்துலயே உதாரணம் இருக்கு. 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலா. இந்தியாவில் ஹெச்ஐவி இருக்கான்னு தேடினாங்க. எலைசா வசதி வேலூர் சிஎம்சியில் இருந்ததால ரத்த மாதிரிகளை அங்க கொண்டு போனாங்க. சிலது பாசிட்டிவ் வந்தது.

26/
உடனே அறிவிக்கலை. மறுபடியும் ரத்தம் எடுத்தாங்க. அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட்ங்கிற வேற முறையில் உறுதி செஞ்சாங்க. அதுக்கப்பறம்தான் அரசுக்கும் நாட்டுக்கும் தெரிஞ்சது. இன்னைக்கும் ஒருத்தருக்கு ஹெச்ஐவின்னு சொல்ல, ஒரே பாசிட்டிவ் போதாது. மூணு வெவ்வேறு டெஸ்டுல பாசிட்டிவ் வரணும். அந்தக் கட்டுப்பாட்டுல பாதியாவது காய்ச்சல் சீட்டுக்கும் வேணும்ங்கிறேன்.

27/
கர்ப்பிணிகளுக்கும் கரு கலைஞ்சவங்களுக்கும் எடுக்கிற ‘டார்ச் பேனல்’ பத்தியும் சொல்லணும். ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ்னு சீட்டு வரும். வீட்டுல அழுகை. அம்மணி, ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்ங்கிறது நல்ல செய்தி. உங்களுக்குத் தடுப்பு சக்தி இருக்குன்னு அர்த்தம். சிஎம்வி நம்ம நாட்டுல பெரும்பாலான பெரியவங்களுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தாலும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க. திரும்ப எடுக்கணும். ஆன்டிபாடி பழசா புதுசான்னு சொல்ற அவிடிட்டி டெஸ்ட் இருக்கு. ஒரு சீட்டை வச்சுக் கருவைக் கலைக்கிற முடிவுக்குப் போகாதீங்க, மகப்பேறு நிபுணர்கிட்ட உக்காந்து பேசுங்க.

28/
சரி, அப்போ டெங்குவை எப்படித்தான் உறுதி செய்யறது?
முதல் 5 நாளுக்குள்: என்எஸ்1 எலைசா, வசதி இருந்தா பிசிஆர். பாசிட்டிவ்னா நம்பலாம். நெகட்டிவ்னா டெங்கு இல்லைன்னு ஆகாது, முக்கியமா ரெண்டாவது முறை வர்றவங்களுக்கு.
5 நாளுக்கு மேல்: ஐஜிஎம் எலைசா.
சந்தேகம்னா: இன்னைக்கு ஒரு ரத்தம், 10 முதல் 14 நாள் கழிச்சு இன்னொரு ரத்தம். நெகட்டிவா இருந்தது பாசிட்டிவ் ஆனாலோ, அளவு நாலு மடங்கு ஏறினாலோ அதுதான் உறுதி.

29/
கார்டு டெஸ்ட் பாசிட்டிவ்னா ‘டெங்குவாக இருக்கலாம்’னு மட்டும்தான் எடுத்துக்கணும். நம்ம நாட்டு டெங்கு திட்டம் உறுதிப்படுத்த ஏத்துக்கிறது எலைசா முறையைத்தான். கோவை அரசு மருத்துவமனை மாதிரி கண்காணிப்பு மையங்கள்ல புனே தேசிய வைராலஜி நிறுவனத்தோட கிட்டை வச்சு ஐஜிஎம் எலைசா இலவசமா செய்யறாங்க. அங்க போக யோசிக்காதீங்க.

30/
"உறுதி ஆகுற வரைக்கும் வைத்தியம் பார்க்காம இருக்கிறதா?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. டெங்குவுக்கு வைரஸைக் கொல்ற மருந்து இல்லை. தண்ணீர்ச் சத்தைச் சரியா வச்சுக்கிறதும் கண்காணிக்கிறதும்தான் வைத்தியம். அதுக்கு ஐஜிஎம் சீட்டு தேவையே இல்லை. தினமும் பிரஷர், நாடி, ரத்த அணுக்கள், முக்கியமா ரத்தம் எவ்வளவு கெட்டியாகுதுன்னு சொல்ற பிசிவி இதைப் பார்த்தாலே போதும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துட்டு பிசிவியை விட்டுடறாங்க. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஊசி வேண்டாம்.

31/
சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளி "எல்லா டெஸ்டும் எழுதிக் கொடுங்க"ன்னு நெருக்குறது எனக்கும் தெரியும். டெஸ்ட் எழுதறது ஒரு நிமிஷம், ஏன் வேண்டாம்னு விளக்கறது பத்து நிமிஷம். ஆனா தப்பான நாள்ல எடுத்த டெஸ்டுக்கு அப்பறம் நாமதான் ஒரு மணி நேரம் விளக்கம் சொல்றோம்.
லேப் நடத்தறவங்களுக்கு: சீட்டுல ‘காய்ச்சல் நாள்’னு ஒரு கட்டம் சேருங்க. அது காலியா இருந்தா ரத்தம் எடுக்கும்போது கேட்டு எழுதுங்க. சாதாரணக் காய்ச்சல் பேக்கேஜ்ல இருந்து ஐஜிஜியை எடுத்துடுங்க. ஒரு ரூபாய் செலவு இல்லாத மாற்றம் இது.

32/
ஹாஸ்டல், கம்பெனி நடத்தறவங்களுக்கு: டெங்கு வந்து குணமானவரை "ஐஜிஎம் நெகட்டிவ் ஆனதும் வா"ன்னு சொல்லாதீங்க. அது மாசக் கணக்குல பாசிட்டிவாவே இருக்கும். டெங்கு ஆளுகிட்ட இருந்து ஆளுக்கு நேரா ஒட்டாது, கொசு வழியாத்தான் பரவும். அவரோட சீட்டைக் கேட்கிறதுக்குப் பதிலா உங்க மாடித் தொட்டியையும், தண்ணி பிடிச்சு வச்சிருக்கிற டிரம்மையும் மூடி இருக்கான்னு பாருங்க. பல நாளைக்கு ஒரு தடவை குடிதண்ணி வர்ற நம்ம ஊர்ல ஏடிஸ் கொசு வளர்றது அந்த டிரம்லதான்.

33/
அலட்சியமும் வேண்டாம். அரசு கணக்குப்படி 2012-ல் தமிழ்நாட்டுல 12,826 பேருக்கு டெங்கு, 66 மரணம். 2017-ல் 23,294 பேருக்கு, 65 மரணம். டெங்கு உண்மையான எதிரி. அதனாலதான் அதைச் சரியான நாள்ல, சரியான டெஸ்டுல தேடணும்ங்கிறேன்.

34/
கடைசியா, நீங்க செய்ய வேண்டியது.
காய்ச்சல் தொடங்கின தேதியும் நேரமும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. "போன வாரத்துலருந்துங்க"ன்னா எங்களுக்குப் பத்தாது.
கடைசி மூணு மாசத்துல வேற காய்ச்சல் வந்துச்சா, என்ன தடுப்பூசி போட்டீங்க, தோட்டம் காடுன்னு போனீங்களான்னு சொல்லுங்க.
பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. போன வருஷம் ஐஜிஜி பாசிட்டிவ்னு இருந்தா, இந்த வருஷ பாசிட்டிவ் புதுசில்லைன்னு ஒரே பார்வையில் தெரிஞ்சுடும்.
டாக்டரைப் பார்க்காம லேப்புக்கு நேராப் போய் பேக்கேஜ் எடுக்காதீங்க.

35/
டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க, கூச்சப்படாதீங்க.
"இது கார்டா, எலைசாவா?"
"இந்த நாளுக்கு இந்த டெஸ்ட் சரிதானுங்களா?"
"மறுபடி எப்போ வந்து காட்டோணும்?"
மூணாவது கேள்விக்கு உங்களுக்குக் கிடைக்கிற பதில் எந்த பாசிட்டிவ் நெகட்டிவையும் விட முக்கியம். காய்ச்சல் விட்ட பிறகும் ரெண்டு நாள் அந்த ஆளை ஒரு கண் பார்த்துக்கோங்க.
வீட்டு வாட்ஸப் குரூப்ல இதைப் பகிருங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க. கேட்கும்போது காய்ச்சல் எத்தனாவது நாள்னு மறக்காம எழுதுங்க.